அடிக்கடி பஞ்சரா? டியூபை மாற்றும் முன் ஓட்டையைப் பாருங்கள்

கியர் சைக்கிள் என்று கடைகளில் சொல்லும் மவுண்டன் பைக்கில் தினமும் வேலைக்குப் போய்வருகிறீர்கள். டயர் தடிமனாக இருக்கிறது, பார்த்தால் காட்டுப் பாதைக்கே தாங்கும் போலிருக்கிறது. ஆனாலும் அடிக்கடி பஞ்சர் ஆகிறதா? "நல்ல டியூபாப் போடுங்கண்ணே" என்று கடைக்காரரிடம் சொல்லி, விலை கூடிய டியூப் மாட்டிய பிறகும் அதே கதைதானா?

அப்படியென்றால் காசு தப்பான இடத்துக்குப் போகிறது. டியூபின் வேலை காற்றைப் பிடித்து வைப்பது, அவ்வளவுதான். சாதாரண டியூபின் ரப்பர் ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட வராது. டயரைத் துளைத்துக்கொண்டு வந்த முள்ளை அது தடுக்கும் என்று எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. முள்ளைத் தடுக்க வேண்டியது டயர். குழியில் விழும்போது டியூபைக் காப்பாற்ற வேண்டியது உள்ளே இருக்கும் காற்று. டியூபைப் பொறுத்தவரை அளவும் வால்வும் சரியாக இருந்தால் போதும்.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது? ஓட்டையிலிருந்து. அடுத்த முறை பஞ்சர் கடையில் நிற்கும்போது, "அண்ணே, ஓட்டை எங்க இருக்குன்னு காட்டுங்க" என்று கேளுங்கள். தண்ணீரில் முக்கி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்ததும் கேட்டால் காட்டிவிடுவார். கேட்காவிட்டால் ஒட்டி, மாட்டி, காற்றடித்துக் கையில் கொடுத்துவிடுவார். பஞ்சர் எதனால் வந்தது என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

டியூபில் வால்வு இருக்கும் பக்கம் ரிம்மைப் பார்த்த உள்பக்கம். அதற்கு எதிர்ப்பக்கம் சாலையைப் பார்த்த வெளிப்பக்கம். ஓட்டை வெளிப்பக்கத்தில் இருந்தால் முள், கண்ணாடி, கம்பி என ஏதோ ஒன்று டயர் வழியாக ஏறியிருக்கிறது. நாம் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

ஓட்டை உள்பக்கத்தில் இருந்தால் சாலையின் மேல் தவறே இல்லை. ரிம்மின் உள்ளே ஸ்போக்ஸ் கம்பிகளின் முனைகள் இருக்கின்றன. அவற்றை மூடியிருக்கும் ரிம் டேப் (ரிம்மைச் சுற்றி ஒட்டிய பட்டை) நகர்ந்திருக்கும், அல்லது கிழிந்திருக்கும். நீண்டுவிட்ட ஒரு கம்பி முனைகூட டியூபைக் குத்திக்கொண்டிருக்கலாம். இதற்கு எவ்வளவு விலையுள்ள டியூப் போட்டாலும் பயனில்லை. முள் தாங்கும் டியூப் என்று விற்பவைகூட சாலையைப் பார்த்த பக்கத்தில்தான் தடிமனாக இருக்கும். இங்கே மாற்ற வேண்டியது டேப். புது சைக்கிளோடு வரும் ரப்பர் பட்டையைவிட, ஒட்டிக்கொள்ளும் துணி டேப் நகராமல் நிற்கும். மின்கம்பிக்குச் சுற்றும் இன்சுலேஷன் டேப்பை ஒட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். அவசரத்துக்கு ஒட்டலாம். நம் ஊர் வெயிலில் அதன் பசை இளகி வழுக்கிவிடும், அதனால் அதையே நம்பியிருக்க வேண்டாம்.

இரண்டு ஓட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்? காற்று குறைவாக இருக்கும்போது குழியிலோ வேகத்தடையிலோ ஏற்றியிருக்கிறீர்கள். டயர் முழுக்க நசுங்கி, ரிம்மின் இரண்டு விளிம்புகளுக்கும் கீழே இடித்த இடத்துக்கும் நடுவே டியூப் மாட்டிக் கடிபட்டிருக்கிறது. இதற்கு மருந்து காற்று மட்டும்தான். வால்வின் அடியில் கிழிந்திருந்தாலும் பெரும்பாலும் காற்றுக் குறைவே காரணம். டயர் ரிம்மின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வால்வைச் சாய்த்து இழுத்திருக்கும். அந்த இடத்தில் ஒட்டுப் போட்டால் நிற்காது, டியூபை மாற்றுங்கள்.

ஓட்டை தெரிந்துவிட்டது, குத்தியது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. டயர் மாட்டும்போது, அதன் பக்கவாட்டில் கம்பெனி பெயர் எழுதிய இடம் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டச் சொல்லுங்கள். பிறகு பஞ்சர் ஆனால் டியூபில் வால்விலிருந்து ஓட்டை எவ்வளவு தூரம் என்று பாருங்கள். டயரில் அந்தப் பெயரிலிருந்து அதே தூரத்தில் தேடினால் குற்றவாளி அங்கேயே இருப்பான். டியூபை எந்தப் பக்கமாகக் கழற்றினீர்கள் என்று மறந்துவிட்டால் இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள், வேறு இடம் இருக்க முடியாது.

தேடும்போது வெறும் விரலை டயருக்குள் ஓட்டாதீர்கள், குத்திவிடும். பழைய பனியன் துணியைச் சுருட்டி உள்ளே ஒரு சுற்றுத் தேய்த்து வாருங்கள். வெளியே தெரியாத முள் முனையும் துணி நூலில் மாட்டும். லாரி டயர்கள் வெடித்துச் சிதறும்போது உதிரும் மெல்லிய எஃகுக் கம்பிகளைப் பிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு சென்டிமீட்டர்கூட நீளம் இல்லாத கம்பி, டயர் ரப்பருக்குள் புதைந்திருக்கும். அதை எடுக்காமல் புது டியூப் மாட்டினால் அடுத்த நாளே அதுவும் காலி. "போன வாரம்தானே டியூப் மாத்தினேன்" என்று கடைக்காரரோடு சண்டை போடுபவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

சரி, டியூப் வாங்கும்போது என்ன அளவு கேட்பது? டயரின் பக்கவாட்டில் பாருங்கள். 26 × 1.95 என்றோ 27.5 × 2.10 என்றோ 29 × 2.10 என்றோ அச்சிட்டிருக்கும். முதல் எண் சக்கரத்தின் விட்டம், இரண்டாவது டயரின் அகலம், இரண்டும் அங்குலத்தில். பக்கத்திலேயே சின்ன எழுத்தில் 50-559 போல இன்னொரு எண்ணும் இருக்கும். முதல் பகுதி டயரின் அகலம் மில்லிமீட்டரில். அடுத்தது டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். 26 அங்குல மவுண்டன் பைக்குக்கு அது 559, 27.5-க்கு 584, 29-க்கு 622.

டியூப் டப்பாவில் ஒரே அளவு இருக்காது, 26 × 1.95–2.125 என்பதுபோல் ஓர் எல்லை இருக்கும். உங்கள் டயரின் அகலம் அந்த எல்லைக்குள் வர வேண்டும். சின்ன டியூபைப் போட்டால் அது ஊதி ஊதி மெலிந்துபோகும், சிறு ஓட்டை விழுந்தாலும் சட்டென்று இறங்கும். பெரிதாகப் போட்டால் உள்ளே மடிப்பு விழுந்து, மடிப்பு உரசி ஓட்டையாகும்.

இதில் ஒரு பொறி உண்டு. கடையில் "26 டியூப்" என்று மட்டும் கேட்டால் 26 × 1⅜ டியூபைக் கொடுத்துவிட வாய்ப்பிருக்கிறது. லேடீஸ் சைக்கிள்கள் பலவற்றில் இருப்பது அதுதான். அந்தச் சக்கரம் வேறு, அதன் ரிம் அளவு 590. டியூப் ஒல்லியானது, உங்கள் தடித்த டயருக்குள் அதை ஊதி நிரப்பினால் நீண்ட நாள் தாங்காது. அதனால் அகலத்தையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள், அல்லது டயரைப் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். வழியில் மாட்டிக்கொண்டு வேறு கதியில்லை என்றால், 29 டயருக்குள் 27.5 டியூபைப் போட்டு வீடு வந்து சேரலாம். ரப்பர் நீளும்.

அடுத்த சந்தேகம் வால்வு. பழைய பெரிய சைக்கிளில் இருந்தது வால்டியூப் வைத்த வால்வு. ஒரு சின்ன ரப்பர் குழாய்தான் காற்றைத் தடுத்து நிறுத்தும், அது கிழிந்தால் மாற்றிக்கொள்ளலாம். மவுண்டன் பைக்குகளில் பெரும்பாலும் ஷ்ரேடர் வால்வு (ஸ்கூட்டர், கார்களில் இருப்பதைப் போன்ற தடித்த வால்வு) வரும். விலை கூடிய சைக்கிள்களில் பிரெஸ்டா (நுனியில் திருகு உள்ள ஒல்லி வால்வு) இருக்கும்.

எது நல்லது? வேலைக்குப் போய்வரும் உங்களுக்குத் தடித்த வால்வுதான். தெருமுனைப் பஞ்சர் கடையிலும் பெட்ரோல் பங்கிலும் காற்றடிக்க முடியும். ஒல்லி வால்வுக்கு அங்கே குழாய் பொருந்தாது. ரிம்மில் இருப்பது ஒல்லி வால்வுக்கான துளை என்றால் அதைத் துளையிட்டுப் பெரிதாக்க வேண்டாம், ரிம் பலவீனமாகும். ஒல்லி வால்வின் மேல் திருகிக்கொள்ளும் சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று கிடைக்கும். மலிவானது. அதைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

ரப்பரில் வகை உண்டா? உண்டு. கடையில் சாதாரணமாகக் கிடைப்பது பியூட்டைல் (காற்றை எளிதில் கசியவிடாத செயற்கை ரப்பர்). தினசரி ஓட்டத்துக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம். மெல்லிய பிளாஸ்டிக் போன்ற டி.பி.யு. டியூப்கள் வந்திருக்கின்றன. எடை மிகக் குறைவு, சட்டைப் பையில் அடங்கும். விலை அதிகம், தெருக்கடைச் சொல்யூஷனில் ஒட்டவும் ஒட்டாது. பையில் வைத்துக்கொள்ளும் மாற்று டியூபாக வேண்டுமானால் வாங்கலாம்.

முள் தாங்கும் தடித்த டியூப் வாங்கலாமா? ஓட்டை எப்போதும் வெளிப்பக்கத்தில்தான் விழுகிறது, குத்துவது சின்ன முள்தான் என்று உறுதியானால் வாங்கலாம். சாதாரண டியூபைப் போல் இருமடங்கோ அதற்கு மேலோ எடை இருக்கும், ஒவ்வொரு சிக்னலிலும் கிளப்பும்போது கால் அதை உணரும். என் கணக்கில் அந்தக் காசை டயரில் போடுவது மேல்.

இப்போது காற்று. பஞ்சர் தடுப்பில் செலவே இல்லாத வழி இது, எல்லோரும் அலட்சியம் செய்வதும் இதைத்தான். காற்றின் அளவை பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்தின் மேல் எத்தனை பவுண்டு அழுத்தம்) என்ற கணக்கில் சொல்வார்கள். டயரின் பக்கவாட்டிலேயே குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டும் எழுதியிருக்கும், அல்லது அதிகபட்சம் மட்டுமாவது இருக்கும். தார்ச் சாலையில் 1.95 முதல் 2.10 அங்குல டயரில், 60–70 கிலோ எடையுள்ளவர் முன்னால் 40, பின்னால் 45 என்று தொடங்கிப் பார்க்கலாம். எடை கூடுதல் என்றாலோ கேரியரில் பை ஏற்றினாலோ பின்னால் இன்னும் கொஞ்சம். எழுதியிருக்கும் அதிகபட்சத்தைத் தாண்டக் கூடாது.

"நான் விரலால் அமுக்கிப் பார்ப்பேனே?" தடித்த டயரில் அந்தக் கணக்கு ஏமாற்றும். 25 இருந்தாலும் 45 இருந்தாலும் விரலுக்குக் கல் மாதிரிதான் தெரியும். அளவுகாட்டி பொருத்திய, காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு அடிக்கும் பம்பு ஒன்றை வீட்டில் வையுங்கள். இந்தக் கட்டுரையில் சொல்லும் பொருள்களில் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஓட்டையே இல்லாத டியூபிலும் காற்று மெல்ல மெல்லக் குறையும். வாரம் ஒருமுறை அடித்தால் இரட்டை ஓட்டைப் பஞ்சர் கிட்டத்தட்ட இல்லாமல் போய்விடும், மிதிப்பதும் இலகுவாகும்.

பெட்ரோல் பங்கில் அடித்தால்? அடிக்கலாம், கவனம் வேண்டும். சைக்கிள் டயரின் கொள்ளளவு கார் டயரோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. கம்ப்ரசர் குழாயை அழுத்திப் பிடித்தால் சில விநாடிகளில் எல்லை தாண்டி வெடித்துவிடும். விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

காலையில் பார்த்தால் பாதி காற்று இறங்கியிருக்கிறது, ஆனால் ஓட்டை இல்லை என்கிறார்களா? வால்வைப் பாருங்கள். மூடியைக் கழற்றி, எச்சில் தொட்டு வால்வின் வாயில் வையுங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் வால்வு பின் தளர்ந்திருக்கிறது. முறுக்கினாலோ மாற்றினாலோ சரியாகும், டியூபை மாற்றத் தேவையில்லை.

டயருக்கு வருவோம். மவுண்டன் பைக்கோடு வருவது பெரிய பட்டன் பட்டனாகத் துருத்திய டயர். அது மண் பாதைக்கானது. தார்ச் சாலையில் பட்டன்களுக்கு நடுவே உள்ள மெல்லிய பகுதியில் முள்ளும் கண்ணாடியும் ஏறும், மிதிக்கவும் கூடுதல் உழைப்பு. தேய்ந்ததும் அதே டயரை மறுபடி வாங்காதீர்கள். நடுவில் வழவழப்பாகவும் ஓரத்தில் மட்டும் பட்டன் உள்ளதாகவும், உள்ளே பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ளதாகவும் கேளுங்கள். பல கம்பெனிகள் கெவ்லார் போன்ற உறுதியான இழையைப் பட்டையாக வைக்கின்றன. ஜெர்மனியின் ஷ்வால்பே தன் மாரத்தான் பிளஸ் டயரில் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள ரப்பர் அடுக்கையே வைத்திருக்கிறது. குண்டூசி அதைத் தாண்டி டியூபைத் தொடுவது கடினம். எடையும் விலையும் அதற்கேற்ற மாதிரிதான். பின் சக்கரத்துக்கு மட்டுமாவது இப்படி ஒன்று போடலாம். உங்கள் எடையில் பெரும்பகுதி அங்கேதான் விழுகிறது, முன் சக்கரம் கிளப்பிவிடும் ஆணியும் பின்னால்தான் போய்க் குத்துகிறது.

டயருக்கும் டியூபுக்கும் நடுவே வைக்கும் பிளாஸ்டிக் பட்டை? வேலை செய்யும். ஆனால் பட்டையின் இரண்டு முனைகளும் சேரும் இடம் டியூபில் உரசி உரசியே ஓட்டை போடுவதுண்டு. முனைகளை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கி, அதன் மேல் பழைய டியூப் துண்டு ஒன்றைச் சுற்றிய பிறகு வையுங்கள்.

பஞ்சர் லிக்விட் ஊற்றலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. சீலன்ட் (ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்) நெருஞ்சி அளவு ஓட்டைகளை நன்றாகவே அடைக்கும். சக்கரம் சுற்றும்போது அது வெளிப்பக்கம் போய்த் தங்குவதால் உள்பக்க ஓட்டைக்கும் கடிபட்ட கிழிசலுக்கும் உதவாது. ரப்பர்பால் கலந்த வகை சில மாதங்களில் காய்ந்துவிடும், நம் வெயிலில் இன்னும் சீக்கிரம். ஊற்றிய டியூபில் ஒட்டு நிற்பதும் சிரமம், திரவம் கசிந்து பசையைக் கெடுக்கும். ஊற்றியிருந்தால் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அவர் முகத்தில் தெறிக்கும்.

டியூப்லெஸ் ஆக மாற்றலாமே என்றால், அதற்கு ரிம்மும் டயரும் ஏற்றதாக இருக்க வேண்டும். குறைந்த விலை மவுண்டன் பைக்குகளில் இருக்காது. ஊருக்குள் ஓட்ட அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

ஓட்டும் விதத்திலும் கொஞ்சம் இருக்கிறது. வாகனங்கள் போகும் இடத்தில் சாலை சுத்தமாக இருக்கும். அங்கிருந்து தள்ளப்பட்ட கண்ணாடி, ஆணி, கம்பி எல்லாம் ஓரத்தில் ஓர் அடி அகலத்துக்குச் சேர்ந்து கிடக்கும். நாமோ பயந்துகொண்டு அதன் மேல்தான் ஓட்டுகிறோம். ஓரத்தை ஒட்டாமல், பின்னால் வருபவருக்குத் தெரியும்படி சற்றே உள்ளே நேர்கோட்டில் போங்கள். மதுக்கடை வாசலில் காலை நேரத்தில் இன்னும் கொஞ்சம் விலகிப் போங்கள்.

ஊர்ப்புறத்தில் என்றால் முள்தான் பிரச்சினை. வேலிக்காக வெட்டிய சீமைக் கருவேலங் கிளை சாலையோரம் கிடந்தால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கடப்பது மானக்கேடு அல்ல. அதன் நீண்ட முள் டயரின் பக்கவாட்டிலும் ஏறும், அங்கே எந்தத் தடுப்புப் பட்டையும் கிடையாது. நெருஞ்சி வேறு மாதிரி. காய் எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேலே பார்த்து நிற்கும். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் சைக்கிள்காரர்கள் அஞ்சும் முள்ளும் இதே நெருஞ்சிதான், அங்கே போய்க் களையாகப் பரவிவிட்டது.

மழைக்காலத்தில் பஞ்சர் கூடுவது உங்கள் கற்பனை அல்ல. ஈரமான ரப்பரைக் கண்ணாடி எளிதாக வெட்டும், தண்ணீர் வழுக்கலாக நின்று அதற்கு உதவுகிறது. ஓரத்துக் குப்பையையும் தண்ணீர் சாலைக்கு இழுத்து வரும். தேங்கிய தண்ணீருக்குள் குழி இருக்கிறதா என்பதும் தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் வீடு வந்ததும் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, ஒட்டியிருக்கும் கண்ணாடித் துணுக்கைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுங்கள். துணுக்கு பல நாள் மெல்ல மெல்ல உள்ளே ஏறித்தான் டியூபை அடையும், முதல் நாளே எடுத்தால் பஞ்சரே இல்லை.

வழியில் முள் குத்தியிருப்பதைப் பார்த்தால் உடனே பிடுங்கலாமா? கையில் மாற்று டியூப் இருந்தால் பிடுங்குங்கள். இல்லாவிட்டால் அப்படியே விட்டுவிட்டுக் கடை வரை மெதுவாகப் போங்கள். ஓட்டையை அடைத்துக்கொண்டிருப்பதும் அந்த முள்தான்.

பையில் என்ன வைத்துக்கொள்ள வேண்டும்? மாற்று டியூப் ஒன்று, பிளாஸ்டிக் டயர் லீவர் இரண்டு, சின்னக் கைப்பம்பு. சாலையில் ஒட்டுவதைவிட டியூபை மாற்றிக்கொண்டு, ஓட்டையானதை வீட்டில் நிதானமாக ஒட்டுவதே நல்லது. மாற்று டியூபை டப்பாவோடும் சாவி, ஸ்பேனரோடும் போட்டு வைத்தால் உரசி உரசிப் பையிலேயே ஓட்டையாகும். பழைய சாக்ஸுக்குள் சுருட்டி வையுங்கள், டியூப் மாற்றும்போது கை அழுக்காகாமல் இருக்கவும் அந்த சாக்ஸ் உதவும்.

மாட்டும்போது டியூபில் வடிவம் வரும் அளவுக்குக் கொஞ்சம் காற்றடித்த பிறகு உள்ளே வையுங்கள், முறுக்கிக்கொள்ளாது. டயரின் கடைசிப் பகுதியைக் கட்டைவிரலால் தள்ளி ஏற்றுங்கள். லீவரால் நெம்பினால் டியூப் நடுவில் மாட்டிப் புது ஓட்டை விழும். காற்றடிக்கும் முன் சுற்றிலும் டயரை விலக்கிப் பார்த்து, டியூப் எங்கும் கடிபடவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

வீட்டில் ஒட்டுவதற்கு அவசரப்படாமல் இருந்தாலே போதும். ஒட்டைவிடப் பெரிய வட்டமாக உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லியதாகத் தடவி, விரல் வைத்தால் பிசுபிசுப்பு தெரியாத வரை ஐந்து நிமிடம் காய விடுங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டுவதால்தான் பல ஒட்டுகள் பிரிகின்றன. ஒட்டிய பின் சுற்றியுள்ள பசையின் மேல் முகப்பவுடர் தூவினால் டயரோடு ஒட்டிக்கொள்ளாது. ஒருமுறை திறந்த சொல்யூஷன் டியூப் சில மாதங்களில் உள்ளேயே காய்ந்துவிடும், தேவைப்படும் நாளுக்கு முன்னரே அமுக்கிப் பாருங்கள்.

டயரிலேயே பெரிய கீறல் விழுந்து டியூப் பிதுங்கினால்? காலியான பற்பசைக் குழாயை வெட்டித் துடைத்த துண்டு ஒன்றை உள்ளே கீறலுக்கு அடியில் வைத்து, காற்றைக் குறைவாக அடித்து வீடு சேருங்கள். அந்த டயரை மாற்றிவிட வேண்டியதுதான்.

பின் டயர்தான் முதலில் தேயும். பின்னாலுக்கென்றே தனியாகப் பஞ்சர் தடுப்பு டயர் வாங்கவில்லை என்றால், அது தேய்ந்ததும் புது டயரைப் பின்னால் போடச் சொல்லாதீர்கள். முன்னால் இருப்பதைப் பின்னால் மாற்றி, புதியதை முன்னால் போடச் சொல்லுங்கள். பின் சக்கரம் வழுக்கினால் காலை ஊன்றிச் சமாளிக்கலாம். முன் சக்கரம் வழுக்கினால் விழுந்த பிறகுதான் தெரியும்.